"வயசானா அப்படித்தான்": 0.3 சதவீதத்தின் கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு நம்பரைப் பத்தி: 0.3 சதவீதம்.

1998-ல கொச்சியில 10/66-ன்னு ஒரு ஆராய்ச்சிக் குழு உருவாச்சு. டிமென்ஷியா இருக்கறவங்கள்ல 66 சதவீதம் பேர் அப்போ வளரும் நாடுகள்ல இருந்தாங்க. ஆனா மக்கள்கிட்ட நேரா போய் நடத்துற ஆய்வுகள்ல 10 சதவீதம்கூட அங்க நடக்கல. பேருக்குக் காரணம் அதுதான். நம்ம பக்கம் சென்னையும் வேலூர் கிராமங்களும் இதுல சேர்ந்துச்சு.

2008-ல முடிவுகள் லான்செட் இதழ்ல வந்துச்சு. 65 வயசு தாண்டினவங்கள்ல, அமெரிக்க டிஎஸ்எம்-4 விதிப்படி, இந்தியக் கிராமத்துல டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். கியூபாவுல 6.3. கிராமத்துக் காத்தும் கம்பங்கூழும்தான் காரணம்னு வாட்ஸ்அப்ல ஃபார்வர்ட் போட்டுடாதீங்க. அதே ஆட்களை, படிக்காதவங்களுக்கும் பொருந்துற மாதிரி இந்தக் குழு தயாரிச்ச முறையில பாத்தப்போ, 11 இடங்கள்ல எங்கயுமே 5.6-க்குக் கீழ போகல.

அப்போ 0.3 எப்படி வந்துச்சு? டிஎஸ்எம் விதிப்படி, மறதியால அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கணும். அதை வீட்டு ஆளுங்கதான் சொல்லணும். ஆனா சோறு மருமக போட்டுடுவாங்க, வரவு செலவு மகன் பாத்துப்பாரு. பெரியவரை யாரும் எந்த வேலையும் கேக்கறதில்ல. அதனால எது பாதிச்சிருக்குன்னே யாருக்கும் தெரியாது. "வயசானா அப்படித்தான்"னு முடிஞ்சிடும்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. 1975-ல வந்த எம்எம்எஸ்இ பரிசோதனை, 100-ல இருந்து ஏழு ஏழா கழிக்கச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆத்தா மூளை நல்லா இருந்தும் ஃபெயில் ஆயிடுவாங்க. தப்பு டெஸ்ட் கேஸ்ல இருக்கு, ஆத்தாகிட்ட இல்ல.

சரி, நம்ம வீட்டுல எப்படிப் பிரிச்சுப் பாக்கறது? நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-ல. அப்பாரு இன்னமும் "சேலம் ஜில்லா"ன்னு சொன்னா, அது பழக்கம். நேத்து முட்டை ரேட்டு மறந்து, எடுத்துக் கொடுத்தா "அட ஆமா"ன்னா, அது வயசு. ஆனா முப்பது வருஷமா பாத்த கோழிப்பண்ணைக் கணக்கு திடீர்னு புரியல, சொந்தத் தோட்டத்துக்குப் போற வழி தவறுது, கேட்ட கேள்வியையே பத்து நிமிஷத்துல திரும்பக் கேக்கறாரு, வச்ச பணத்தைக் காணோம்னு வீட்டாளுங்க மேல பழி போடறாரு – இதெல்லாம் டாக்டர்கிட்ட போக வேண்டிய அறிகுறி. அவரு எதை மறந்தாருன்னு மட்டும் பாக்காதீங்க. முன்னாடி தானா செஞ்ச எதை இப்போ செய்ய முடியலைன்னு பாருங்க.

சீக்கிரம் போறதுல லாபமும் இருக்கு. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாமே டிமென்ஷியா மாதிரி வேஷம் போடும். அதுக்கெல்லாம் சிகிச்சை உண்டு.

2023-ல வந்த லாசி-டாட் ஆய்வுப்படி, இந்தியாவுல 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. நகரத்தைவிட கிராமத்துல அதிகம்.

இந்த லீவுக்கு ஊருக்குப் போனா, "சாப்பிட்டீங்களா"வோட நிறுத்தாம, பண்ணைக் கணக்கையும் கொஞ்சம் பேசிப் பாருங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.