சுருக்குப்பையை இழுத்தது யார்?

மாடம்பாக்கத்திலிருந்து இந்த வார எபிசோடு. ஒரு செல் இரண்டாகும் கதையோட கடைசிப் பகுதிதான் இன்னைக்கு.

ஸ்கூல் பயாலஜியில் குரோமோசோம் பிரிவதைப் படம் படமா வரைய வெச்சாங்க. அது முடிஞ்சதும், ‘பிறகு செல் இரண்டாகிறது’ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரியைப் புரிஞ்சுக்க விஞ்ஞானிகளுக்கு ஐம்பது வருஷம் ஆச்சு.

விலங்கு செல் பிரியும்போது நடுவில் ஒரு வளையம் உருவாகி, பாட்டியோட சுருக்குப்பைக் கயிறு மாதிரி இறுகுகிறது. இதில் மூணு கேள்வி. கயிறு எங்கே விழணும்னு யார் சொல்றாங்க? யார் இழுக்கறாங்க? கடைசியில் யார் வெட்டறாங்க?

முதல் கேள்விக்கு 1961இல் பதில் தேடினவர் அமெரிக்காவின் ரே ராப்பபோர்ட். ஸாண்ட் டாலர் என்ற கடலுயிரியின் முட்டையை ஒரு கண்ணாடிக் குண்டால் அழுத்தி, மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை போட்டார். முதல் பிரிவில் வடை ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு, இரண்டு உட்கருவோட குதிரை லாட வடிவமாச்சு. அடுத்த பிரிவில் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு வெட்டு. அது எதிர்பார்த்ததுதான். ஆனா லாடத்தின் வளைவிலும் மூணாவதா ஒரு வெட்டு விழுந்தது! அங்கே குரோமோசோமே கிடையாது. இரு பக்கமும் நட்சத்திரம் மாதிரி விரியும் நுண்குழல்கள் மட்டும்தான். இடம் குறிப்பது அவைதான் என்று தெரிந்தது.

யார் இழுக்கறாங்க? 1972இல் தாமஸ் ஷ்ரோடர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கடல் முள்ளெலி முட்டையைப் பார்த்தார். வளையம் முழுக்க ஆக்டின் இழைகள். நம்ம தசையில் இருக்கும் அதே புரதம். தசையில் அதன் ஜோடி மயோசின். 1977இல் ஜப்பானின் இஸ்ஸே மபுச்சியும் ஒகுனோவும் மயோசினை முடக்கும் ஆன்டிபாடியை நட்சத்திர மீனின் செல்லுக்குள் செலுத்தினார்கள். உட்கரு பிரிந்துகொண்டே இருந்தது. செல் மட்டும் பிரியவில்லை.

ஆனா செல்லுக்குள் ஆயிரம் விஷயம் ஓடுது. வளையம் தனியா நின்னு இழுக்குமா? இங்கே வர்றார் மோகன் பாலசுப்ரமணியன். 1992இல், மாணவராக இருந்தபோதே, பிளவு ஈஸ்ட் இரண்டாவதற்கு டிரோபோமயோசின் அவசியம் என்று காட்டியவர். அதுவும் தசைப் புரதம்தான். பிறகு சிங்கப்பூரின் டெமாசெக் ஆய்வகத்தில் குழு அமைத்தார். 2013இல் மிதிலேஷ் மிஸ்ரா, பாலசுப்ரமணியன், அதே மபுச்சி எல்லோரும் சேர்ந்து ஈஸ்ட் செல்லின் உள்ளடக்கத்தை வெளியேற்றி, வளையத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஏடிபி சேர்த்ததும் அது தானாகவே சுருங்கியது. மயோசின் இல்லாவிட்டால் சுருங்கவில்லை. 36 வருஷம் கழிச்சு, அதே மனிதரோட கேள்விக்கு நேரடியான பதில்.

நேரம் பார்த்து இழுக்கணுமே? குரோமோசோம்கள் விலகிய பிறகே, நடுவிலுள்ள நுண்குழல்கள் வழியாக ஈசிடி2 என்ற புரதம் ஆர்ஹெச்ஓஏ-வை எழுப்புகிறது. ஆர்ஹெச்ஓஏ ஆக்டினை வளர்க்கிறது, மயோசினை இயக்குகிறது. ஒரே சுவிட்சில் இரண்டு வேலை.

கடைசியில் மெல்லிய பாலம் ஒன்று மிஞ்சும். அதை வெட்டுவது எஸ்கார்ட் புரதங்கள் என்று 2007இல் தெரிந்தது. எச்.ஐ.வி. நம் செல்லிலிருந்து வெளியேறத் திருடிக்கொள்வதும் இதே கத்திரியைத்தான். பாலத்தில் குரோமோசோம் சிக்கியிருந்தால் அரோரா-பி என்ற புரதம் வெட்டைத் தள்ளிப்போடுகிறது. இது 2009இல் வந்த தகவல்.

இவ்வளவு காவல் எதுக்கு? வெட்டு தவறினா, இரட்டிப்பு குரோமோசோமோட ஒரே செல் மிஞ்சும். கல்லீரலில் அது சகஜம். ஆனா பி53 என்ற காவல் மரபணு இல்லாத எலி செல்களில், அப்படித் தவறினவை கட்டிகளை உண்டாக்கின என்று 2005இல் காட்டினார்கள். உங்க உடம்பில் ஒவ்வொரு விநாடியும் பத்து லட்சத்துக்கும் மேல் புது செல்கள் உருவாகின்றன. அத்தனையும் இந்தச் சுருக்குக் கயிற்றை நம்பித்தான்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.