பதவி உயர்வு கேட்கத் தயக்கமா? முத்தம்மா வழக்கைத் தெரிஞ்சுக்கோங்க

‘நல்லா வேலை பார்த்தா மேனேஜரே கவனிப்பார்’ என்று காத்திருக்கிறீர்களா? சி.பி. முத்தம்மா கேட்டுத்தான் வாங்கினார்.

யார் இவர்?
குடகில் பிறந்து, சென்னையில் படித்தவர். 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அந்தப் பணியில் பெண்கள் திருமணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என அரசு கருதினால், ராஜினாமா செய்யச் சொல்ல முடிந்தது. ஆண்களுக்கு இந்த விதி இருக்கவில்லை.

என்ன நடந்தது?
பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது. அதனால் 1979இல் மனு முடித்துவைக்கப்பட்டது. ஆனாலும், பணி விதிகளில் உள்ள பாலினப் பாகுபாட்டைக் களைய வேண்டும் என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் வலியுறுத்தினார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?
அன்று பாகுபாடு விதிப் புத்தகத்திலேயே இருந்தது. இன்று ‘கல்யாணம் ஆகப்போகுது’, ‘குழந்தை சின்னது’ என்று மற்றவர்கள் மனதுக்குள் போடும் கணக்கில் இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் அது வெளியே வரும்.

எப்படிக் கேட்பது?
• அப்ரைசலுக்கு முன்பே பேச நேரம் கேளுங்கள்.
• ‘ஏதாவது வாய்ப்பு’ வேண்டாம். ‘அடுத்த ப்ராஜெக்டை நான் லீட் பண்றேன்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.
• முடித்த வேலைகளை எண்களோடு காட்டுங்கள்.
• ‘இப்போ முடியாது’ என்றால் காரணத்தையும், மறுபடி பேசும் தேதியையும் கேளுங்கள். பேசியதை அன்றைக்கே மெயிலில் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் வந்த காரணத்தைத்தான் பிறகு கேள்வி கேட்க முடியும்.