பூசையும் திருப்பலியும்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் அமைந்த உலு திராம், இரப்பரும் செம்பனையும் தழைத்த தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த ஊர். அத்தகைய தோட்டப்புற ஊர்களின் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில், ஞாயிறன்று பாட்டி 'பூசைக்கு'ப் போவார். பேரன் 'திருப்பலிக்கு'ப் போவான். செல்லும் கோவில் ஒன்றே. நிகழும் சடங்கும் ஒன்றே. சொல் மட்டும் இரண்டு. இவ்விரு சொற்களுக்கும் இடையே ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் கத்தோலிக்க வழிபாட்டில் நேர்ந்த மாற்றத்தைப் பற்றி எழுதுவோர், அதனை இலத்தீனுக்கும் தாய்மொழிக்கும் இடையே நடந்த போராட்டமாகவே காட்டுவது வழக்கம். ஐரோப்பாவைப் பொறுத்தவரை அது சரியே. தமிழரைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். தமிழ்க் கத்தோலிக்கர் இழந்தது இலத்தீனை மட்டுமன்று. ஒரு தமிழையும் இழந்தனர். இதனைத் தெளிவாக உணர வேண்டுமாயின், பழைய பூசை எவ்வாறு நிகழ்ந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

1570ஆம் ஆண்டில் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசை நூலே, சிற்சில திருத்தங்களோடு, நான்கு நூற்றாண்டுகள் வழக்கிலிருந்தது. குரு பலிபீடத்தை நோக்கி நிற்பார்; மக்களுக்கு அவர் முதுகே தெரியும். மன்றாட்டுகள் இலத்தீனில், பல வேளைகளில் தாழ்ந்த குரலில் ஓதப்படும். எழுந்தேற்றத்தின்போது மணி ஒலிக்கும். முக்காடிட்ட பெண்களும் முழந்தாளிட்ட ஆண்களும் தலை தாழ்த்துவர். அவ்வேளையில் ஓர் அமைதி நிலவும். அந்த அமைதியைத்தான் முதியோர் பலர் இன்றும் 'பக்தி' என்னும் சொல்லால் குறிக்கின்றனர்.

ஆயினும், மக்கள் வாளா இருந்தனர் என எண்ணுதல் தவறு. பீடத்தில் இலத்தீன் ஒலித்துக்கொண்டிருக்கையில், கீழே மக்கள் தமிழில் செபித்தனர். செபமாலை, பிரார்த்தனை, மனத்துயர் மந்திரம், பூசை காணும்போது சொல்லும் செபங்கள் எனப் பலவும் மனப்பாடமாக ஓதப்பட்டன. மலாயாவுக்குச் சஞ்சிக் கூலிகளாகவும் கங்காணி முறையிலும் வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்த மிகச்சில உடைமைகளுள் இச்செபங்களும் அடங்கும். பாரிசு அயல்நாட்டு மறைப்பணி மன்றத்தைச் சார்ந்த பிரெஞ்சுக் குருமார் பலர் தமிழ் கற்றுத் தொண்டாற்றினர். சிங்கப்பூரில் தமிழருக்கென எழுந்த லூர்து அன்னை ஆலயம் 1888இல் நிறைவுற்றது. தோட்டங்களிலோ நிலை வேறு. அங்குக் குருவானவரின் வருகை அரிதாகவே வாய்க்கும். அவர் வாராத ஞாயிறுகளில் உபதேசியார் முன்னின்று செபம் நடத்துவார். எனவே, தோட்டத்துக் கத்தோலிக்கரின் வழிபாடு பெரும்பாலும் இலத்தீன் வழிபாடு அன்று, தமிழ் வழிபாடே. அந்தத் தமிழ் எத்தகையது என்பதே வினா.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1536-37ஆம் ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் கோவாவை அடைந்து, பின் அக்கடற்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், அடிப்படைச் செபங்களை உள்ளூரார் துணையோடு தமிழில் ஆக்கி, ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். அம்மொழிபெயர்ப்பில் 'நம்புகிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்னும் சொல் நுழைந்துவிட்டது. பின்னர்ப் பிழையை உணர்ந்த சவேரியார், 'விசுவாசம்' என்னும் பொருள்படத் திருத்திச் சொல்லுமாறு தம் உடன்பணியாளருக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. இறைவனை 'நம்புகிறேன்' என்பதற்கு மாறாக 'வேணும்' என்று ஒரு கடற்கரையே சில காலம் ஓதியிருக்கின்றது! அப்படி ஓதியவர் பக்தி குறைந்து போயிற்று என்று எவரும் சொல்லத் துணியார்.

1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் தமிழ்ச் செபநூல் ஒன்று அச்சேறியது. 1578இல் கொல்லத்தில் ஆண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. இவ்வாறு அச்சுக் கலையைத் தமிழ் தழுவியதே வழிபாட்டின் பொருட்டுத்தான் என்பது தமிழாசிரியர் மறவாது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. இம்முன்னோடி நூல்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவருள் தலையாயவர் தனிநாயகம் அடிகள். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் தலைவராக விளங்கிய அவர், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிய ஆண்டும் அதுவே.

அக்காலத்துக் கடற்கரைத் தமிழில் போர்த்துக்கேயச் சொற்கள் மலிந்திருந்தன. பாவமன்னிப்பு முறையை விளக்கும் 1580ஆம் ஆண்டு நூலுக்கு 'கொம்பெசியோனாயரு' என்பதே பெயர். 1606இல் மதுரையை அடைந்த இராபர்ட்டு தெ நொபிலி இந்நிலையை மாற்ற முனைந்தார். காவியுடை தரித்து, மரக்கறி உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்ற அவர், சமயத்தின் உயர்பொருளைச் சொல்ல உயர்ந்த நடை வேண்டும் எனக் கருதினார். அந்நாளில் உயர்நடை என்றால் வடசொல் கலந்த நடையே. 'சர்வேசுரன்' என்னும் சொல்லும், 'பூசை', 'கோவில்', 'வேதம்', 'குரு' போன்ற சொற்களைக் கிறித்தவப் பொருளில் ஆளும் வழக்கும் வேரூன்றியது இவ்வழியில்தான்.

இன்று பழமையின் சின்னமாகப் போற்றப்படும் 'பூசை' என்னும் சொல் அன்று புதுமை. அதிலும் ஐயத்துக்குரிய புதுமை. பிற சமயத்தாரின் வழிபாட்டுச் சொல்லைத் திருச்சபைக்குள் கொணரலாமா என்னும் கேள்வி எழுந்தது. நொபிலியின் முறைகளுக்கு எதிராக உடன்துறவியரே முறையிட்டனர். 1619இல் கோவாவில் கூடிய அவையில் எதிர்ப்பே மேலோங்கியது. 1623இல் பதினைந்தாம் கிரகோரியார் விடுத்த ஆணையே அவருக்கு வழிவிட்டது. அத்துடனும் வழக்கு ஓயவில்லை. 1704இல் புதுச்சேரியில் துர்னோன் என்னும் திருத்தந்தையின் தூதர் விதித்த தடைகளும், 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட முடிவும், அதன்படி மறைப்பணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழியும் இவ்வழக்கின் அடுத்த கட்டங்கள். அவ்வுறுதிமொழி 1940இல்தான் நீக்கப்பட்டது.

1963ஆம் ஆண்டு திசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத்திரட்டை 2,147 வாக்குகள் ஆதரவாகவும் 4 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேற்றியது. அது இலத்தீனை ஒழிக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இலத்தீன் காக்கப்பட வேண்டும் எனக் கூறி, தாய்மொழிக்கு இடமளித்தது, அவ்வளவே. ஆயினும் கதவு சற்றே திறந்ததும் வெள்ளம் புகுந்தது. 1965 தொடங்கித் தாய்மொழி பீடமேறியது. 1969இல் ஆறாம் சின்னப்பர் புதிய பூசை நூலை வெளியிட்டார். குரு மக்களை நோக்கித் திரும்பினார்.

தமிழ் பீடமேறியது; ஆனால், ஏறிய தமிழ் மக்கள் மனப்பாடமாக ஓதிவந்த தமிழ் அன்று. தனித்தமிழ் இயக்கம் தொடங்கி அரை நூற்றாண்டு கழிந்திருந்த காலம் அது. மேடையும் பள்ளியும் பாடநூலும் நல்ல தமிழுக்கு மாறிவிட்டிருந்தன. வழிபாட்டு நூலை ஆக்கியோர் அந்தத் தமிழையே கைக்கொண்டனர். பிதா தந்தையானார், சுதன் மகனானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார். சேசுநாதர் இயேசுவானார். சர்வேசுரன் கடவுளாகவும் இறைவனாகவும் ஆனார். ஞானஸ்நானம் திருமுழுக்காகவும், அர்ச்சியசிஷ்டர் புனிதராகவும், விசுவாசம் நம்பிக்கையாகவும், மோட்சம் விண்ணகமாகவும், தேவதிரவிய அனுமானங்கள் அருட்சாதனங்களாகவும் மாறின. எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு வரை இப்பணி படிப்படியாகத் தொடர்ந்தது.

மொழி நோக்கில் புதிய சொற்களே சிறந்தவை என்பதில் ஐயமில்லை. 'தேவதிரவிய அனுமானம்' என்னும் தொடருக்குப் பொருள் கேட்டால், அதனை வாழ்நாள் முழுதும் சொன்னவரும் திகைப்பர். 'திருமுழுக்கு' என்றால் சிறுவனும் விளங்கிக்கொள்வான். 'பிரியதத்தம்' என்பதை 'அருள்' என மாற்றியதைக் குறை கூறும் தமிழாசிரியர் எவரும் இரார். ஆனால், வழிபாட்டில் சொல்லுக்குப் பொருள் மட்டுமன்றி வேறொன்றும் உண்டு. தோட்டத்தில் எழுத்தறியாது வாழ்ந்த பெண் ஒருத்திக்கு அச்செபங்களே நூல். அவள் படித்த ஒரே நூல். அதுவும் கண்ணால் அன்று, காதால் படித்தது. கணவன் இறந்தபோதும், பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் வாயில் வந்தவை அச்சொற்களே. ஒரு ஞாயிறன்று கோவிலில் அச்சிட்ட தாள் கொடுக்கப்பட்டு, இனி இவ்வாறு சொல்லுங்கள் என்றபோது, அவள் இரண்டாம் முறை எழுத்தறியாதவள் ஆனாள். இவ்விழப்பைப் பழமைப் பிடிவாதம் என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடல் நீதியன்று. சீர்திருத்தத்தின் நோக்கம் மக்கள் பங்கேற்பு. அதுவரை முழுக்குரலில் பங்கேற்றவர்களைச் சிறிது காலமேனும் அது வாயடைக்கச் செய்தது.

இசையிலும் இத்தகைய முரண்பாடு தோன்றியது. ஆர்மோனியம், தபேலா, மிருதங்கம் முதலியன உட்புகுந்தன. அடுத்துக் கிட்டாரும் வந்தது. தமிழ்ப்பண் கேட்டுச் செவி குளிர்ந்தவர் உண்டு. திரைமெட்டின் சாயல் கண்டு முகம் சுளித்தவரும் உண்டு. பின்னவர் குறையில் நியாயம் இல்லாமலில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கீர்த்தனை வடிவில் சமயப் பாடல்களை ஆக்கி வைத்திருக்க, அம்மரபை விட்டு மலிவான மெட்டை நாடுதல் புதுமையாகாது.

தமிழகத்தைச் சார்ந்த அமலோர்பவதாசு அடிகள் 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையத்தைத் தோற்றுவித்தார். இந்திய ஆயர்களின் வேண்டுகோளை ஏற்று உரோமை 1969இல் இசைவளித்த 12 விதிகள், காலணி களைதல், தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், குத்துவிளக்கு ஏற்றுதல், ஆரத்தி எடுத்தல் முதலியவற்றுக்கு இடமளித்தன. இவை இந்துமயமாக்கம் என்று ஒரு சாரார் கண்டித்தனர். மேற்சாதிப் பண்பாட்டையே இந்தியப் பண்பாடு எனக் கொண்டது பிழை என்று பின்னாளில் தலித் சிந்தனையாளர் இடித்துரைத்தனர். இரண்டாம் கண்டனமே வலிமை மிக்கது. நொபிலியின் முறைக்கும் அதே குறை உண்டு. மற்றபடி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் அமர்ந்து பூசை காண்பது தமிழ்ச் சிற்றூர்களில் எவரும் கற்பிக்க வேண்டாத வழக்கமாகவே இருந்தது. நீண்ட இருக்கைகளும் காலணியோடு நுழைவதுமே அங்கு நவீனம்.

மலேசியாவில் இம்மாற்றம் வேறொரு சிக்கலையும் கொணர்ந்தது. இலத்தீன் எவருக்கும் தாய்மொழியன்று; ஆதலின் சீனரும் தமிழரும் ஐரோவாசியரும் ஒரே பூசையில் ஒருங்கே நின்றனர். தாய்மொழி வந்ததும் நேர அட்டவணையும் வந்தது. ஆங்கிலத்துக்கு ஒரு வேளை, மாண்டரினுக்கு ஒரு வேளை, தமிழுக்கு ஒரு வேளை, மலாய்மொழிக்கு ஒரு வேளை. தமிழ்த் திருப்பலிக்குக் கிடைத்த அந்த ஒரு வேளையைக் காக்க வாசகம் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். பாடல் நூலை நோக்கிப் பாடத் தெரிந்தவர் வேண்டும். மனப்பாடத்தால் நடந்த வழிபாடு எழுத்தால் நடக்கும் வழிபாடாக மாறியதன் விளைவு இது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற தொழிலாளியின் மகளோ மகனோ பீடத்தருகே நின்று இறைவார்த்தையை உரக்கப் படிக்கும் பேறு இலத்தீன் காலத்தில் கனவிலும் கிட்டாதது. அதே வேளையில், தமிழ் படியாத தலைமுறை ஆங்கிலத் திருப்பலியை நாடிச் செல்வதும் கண்கூடு. தமிழ்ப்பள்ளியின் வகுப்பறையும் தமிழ்த் திருப்பலியின் வாசக மேடையும் ஒன்றையொன்று இவ்வளவு நெருங்கிச் சார்ந்திருத்தல் முன்னெக்காலத்தும் இருந்ததில்லை.

1976ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பினாங்கு பொதுக் குருமடத்தில் ஒரு மாதம் கூடித் திருச்சபையின் புத்தாக்கம் குறித்து ஆராய்ந்தனர். ஈழத் தமிழ் மரபினரான கோலாலம்பூர்ப் பேராயர் தொமினிக் வெந்தார்கனும் அக்காலத்து ஆயருள் ஒருவர். அம்மாதம் முழுவதும் பங்குகளில் குருக்கள் இல்லாமையால் பொதுநிலையினரே வழிபாட்டை நடத்தினர். பட்டணத்தார்க்கு இது பெரும்புதுமை. உபதேசியார் தலைமையில் தலைமுறை தலைமுறையாகச் செபித்துப் பழகிய தோட்டத்தார்க்கோ, இதில் வியப்பதற்கு ஏதும் இருந்திராது.

ஐரோப்பாவில் இலத்தீன் பூசைக்காக எழுந்த குரல் பிளவாகவே முற்றியது. 1970இல் பேராயர் இலபேவர் தனிக்குழு அமைத்தார். 1988இல் உரோமையின் ஒப்புதலின்றி ஆயர்களைத் திருநிலைப்படுத்திச் சபைவிலக்குக்கு ஆளானார். 2007இல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசைக்குத் தாராளமாக வழிவிட்டார். 2021இல் பிரான்சிசு அதனை மீண்டும் சுருக்கினார். தமிழ் முதியோரின் ஏக்கம் இவ்வழக்கோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று. அவர்கள் கேட்பது இலத்தீனை அன்று. சர்வேசுரனையும், தேவமாதாவையும், எழுந்தேற்றத்தின் அமைதியையுமே கேட்கின்றனர்.

கோவிலில் மறைந்த அச்சொற்கள் வீட்டில் முற்றும் மறைந்துவிடவில்லை. இழவு வீட்டில் இரவு செபமாலை தொடங்கும். இளையவர் ஒருவர் கையில் நூலோடு புதிய சொற்களில் முற்பகுதியைச் சொல்வார். சுவரோரம் பாயில் அமர்ந்திருக்கும் கிழவியர் மறுமொழியைப் பழைய சொற்களிலேயே சொல்வர். இரு தமிழும் ஒன்றன்மேல் ஒன்று விழ, ஐம்பத்து மூன்று மணிகளும் உருண்டு முடியும். எவரும் எவரையும் திருத்துவதில்லை.