திறக்க முடிந்த வடிகால்

மாடியில் ஒருவர் குளிக்கிறார். கீழே சமையலறைத் தொட்டியில் சோப்பு நுரை பொங்கி எழுகிறது. நைனார்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில் சென்ற மழைக்காலத்தில் இப்படித்தான் நடந்தது. உங்கள் வீட்டிலும் நேர்ந்திருக்கலாம். இதில் மாயம் ஏதுமில்லை. ஒன்றோடொன்று இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தை நாடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். குழாய்கள் கூடும் இடத்திற்கு அப்பால் அடைப்பு ஏற்பட்டால், வந்த நீர் தேங்கி உயர்ந்து, இருப்பதில் தாழ்வான வாய் வழியே வெளிப்படும். எங்கள் வீட்டில் அந்த வாய் சமையலறைத் தொட்டி.

இத்தொல்லை மிகப் பழமையானது. 1922-இல் ஆர். டி. பானர்ஜி அகழத் தொடங்கிய மொகஞ்சதாரோ, ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நகரம். வீட்டுக் கழிவுநீர் அங்கே சுட்ட செங்கல் வாய்க்கால்கள் வழியே தெருவுக்கு வந்தது. வாய்க்காலின் மேல் செங்கல்லோ கற்பலகையோ மூடியிருந்தது. வேண்டும்போது அதை எடுக்கலாம். இடையிடையே குழிகள் அமைத்திருந்தனர். அங்கு நீரின் வேகம் குறைய, கசடு அடியில் தங்கும். தெளிந்த நீர் மேலே செல்லும். வடிகால் என்றேனும் அடைக்கும் என்பதை அறிந்தே அவர்கள் கட்டினர்!

நம் கீழடியிலும் ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள் கிடைத்துள்ளன. ஆனால் மூடிய குழாய்க்கு ஒரு குறை உண்டு: உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

மற்றொரு குறை, குழாய் வழியே வீட்டுக்குள் திரும்பும் நச்சுக்காற்று. இதற்கு வழி கண்டவர் ஒரு கடிகாரத் தொழிலாளர். லண்டனில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல் தம் கழிப்பறை அமைப்புக்கு உரிமம் பெற்றார். அதன் குழாயை அவர் பாம்புபோல் வளைத்திருந்தார். வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். அந்நீரே காற்றைத் தடுக்கும் கதவு. இன்று உங்கள் தொட்டியின் அடியில் உள்ள வளைவும் அதன் வழிவந்ததே. ஆனால் காற்றைத் தடுக்கும் வளைவே எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்து வைக்கிறது. ஆகவேதான் அதைக் கையால் திருகிக் கழற்றும்படி செய்கிறார்கள்.

இனி, அடைப்பு எங்கே என்று காண்போம். தொட்டி மட்டும் வடியவில்லையா? அடியில் ஒரு வாளியை வைத்து, வளைவைக் கழற்றிக் கழுவுங்கள். வேறு இடத்து நீரும் தொட்டியில் எழுகிறதா? எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, வெளியே உள்ள ஆய்வுத்தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். அது நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால்; வறண்டிருந்தால் வீட்டுக்கும் அதற்கும் இடையில். எங்கள் ஆய்வுத்தொட்டி வறண்டிருந்தது. மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டு ஆட்டினோம். உறைந்த எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கட்டியாக வந்து விழுந்தன. அமிலம் ஊற்றாதீர்கள், பிறகு குழாயைத் திறப்பவர் மேல் அது தெறிக்கும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். அடைப்பு எவ்வளவு பெரிதாயினும் கழிவுநீர்த் தொட்டிக்குள் எவரையும் இறக்கக் கூடாது. அங்குத் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, மணமறியும் திறனை முதலில் மழுங்கடித்துப் பின்னர் உயிரையே பறிக்கும். பாதுகாப்பின்றி ஆட்களை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும் சாவுகள் நின்றபாடில்லை.

அடைக்காத வடிகாலை எவரும் கட்டியதில்லை. மனிதன் உள்ளே இறங்காமல், வெளியே நின்றபடியே திறந்து துப்புரவு செய்ய முடிந்ததே நல்ல வடிகால். புதுவீடு கட்டுவோர் கொத்தனாரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மூடி எங்கே?