உயிரி அறிவியல் தொழில்முனைவு (கேம்பிரிட்ஜ் எம்.ஃபில்.)

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேதிப் பொறியியல், உயிரித் தொழில்நுட்பத் துறை நடத்தும் முதுநிலைப் படிப்பு. காப்புரிமை, முதலீடு, மருந்து ஒப்புதல் ஆகியவற்றை அறிவியல் பட்டதாரிகளுக்குக் கற்பிக்கிறது.

இதன் தேவையை அந்நகரின் வரலாறே உணர்த்தும். 1975இல் அங்கே சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும், எலியின் மண்ணீரலிலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை இடைவிடாமல் சுரக்கவைத்தனர். 1984இல் நோபல் பரிசு வந்தது. காப்புரிமை மட்டும் எடுக்கப்படவில்லை. பிரிட்டனுக்கு அது பேரிழப்பு. 1989இல் கிரெக் வின்டர் முதலானோர் தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆன்டிபாடி டெக்னாலஜி நிறுவனம் அந்தத் தவறைச் செய்யவில்லை. அதன் நுட்பத்தில் உருவான முடக்குவாத மருந்து அடாலிமுமாப், 2002இல் அமெரிக்க ஒப்புதல் பெற்று, பல ஆண்டுகள் உலக மருந்து விற்பனையில் முதலிடம் வகித்தது.