தமிழில் அளவைக் கொள்கை: மணிமேகலை முதல் சிவஞானசித்தியார் வரை

ஒரு பொருள் உண்டு என்பதை எதைக்கொண்டு அறிவது, அவ்வறிவு மெய்யானதா என்பதை எப்படித் துணிவது என்னும் வினாக்களை ஆராயும் துறையைத் தமிழ் மரபு அளவை என்றது. வடமொழியில் இது பிரமாணம். இத்துறை தமிழில் விரிவாகப் பதிவாகியிருக்கும் பழைய நூல் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை. ஒரு பௌத்தக் காப்பியம் தன் சமயத்தின் தருக்கத்தை மட்டுமல்லாமல் எதிர்ச்சமயங்களின் தருக்கத்தையும் எடுத்துரைத்திருப்பது அதன் பெருஞ்சிறப்பு.

அதன் 27ஆம் காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் பலரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் வைதிக அளவைவாதி, வேதவியாதன், கிருதகோடி, சைமினி ஆகியோர் முறையே பத்து, எட்டு, ஆறு என அளவைகளை வகுத்ததைச் சொல்கிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி, இயல்பு, ஐதிகம், அபாவம் முதலாக அப்பத்தையும் விளக்கியபின், அளவை போலத் தோன்றி அளவையாகாத எட்டையும் கூறுகிறான். அவற்றுள் ஒன்று சுட்டுணர்வு. பொருள் ஒன்று இருக்கிறது என்ற அளவில் மட்டும் கண்டு, அது இன்னது என்று தெளியாத நிலை அது. காட்சி ஒன்றையே நம்பும் பூதவாதியிடமோ மணிமேகலை எதிர்க்கேள்வி எழுப்புகிறாள். தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்ற அவள் வினாவுக்கு அவன் கொள்கையில் எளிய விடை இல்லை.

29ஆம் காதையில் களம் காஞ்சிக்கு மாறுகிறது. அங்கே பௌத்தத் துறவி அறவண அடிகள் கூறும் அளவைகள் காட்சி, கருத்து என்னும் இரண்டே. பெயர், சாதி, குணம், தொழில் ஆகியவற்றைச் சேர்த்து அறிவதை விலக்கிவிட்டு, அவை கலவாத சுட்டுணர்வையே அவர் காட்சி என்கிறார். வஞ்சியில் குறையறிவு என்று தள்ளப்பட்டது காஞ்சியில் ஐயத்திற்கு இடமில்லாத காட்சியாக நிற்கிறது. மனம் சேர்க்கும் பெயரும் வகையும் பொருளில் உள்ளவையா, அல்லது மனத்தின் கற்பனையா? அடிப்படையான இவ்வினாவுக்கு இரு சமயங்களும் சொன்ன விடைகள் வேறுபட்டதே இம்மாற்றத்திற்குக் காரணம். பெயர் முதலியன பொருளுக்கே உரியவை என்பார்க்கு அவை இல்லாத அறிவு அரைகுறை. கற்பனை என்பார்க்கு அவை புகுந்த அறிவே பழுதுடையது.

கருத்தளவையை அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்பால் விளக்கி, இறுதி இரண்டையும் திட்டாந்தத்தில் அடக்குகிறார். மலையில் நெருப்பு உண்டு, புகை உண்மையால், அடுக்களை போல என்பது அவர் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டு. தொடர்ந்து பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனப் போலிகளையும் வரிசைப்படுத்துகிறார். இவை நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிப் பௌத்த நூலின் வகைப்பாட்டோடு நெருக்கமாகப் பொருந்துகின்றன.

பௌத்தத்தின்மேல் சமணர் தொடுத்த வாதம் நீலகேசியில் உள்ளது. மொக்கல வாதம், புத்த வாதம், சாங்கிய வாதம், பூதவாதம் முதலான பத்துப் பகுதிகளாக அமைந்த இந்நூல், இன்று முழுமையாகக் கிடைக்காத பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது. வாமன முனிவரின் சமயதிவாகர உரை இதற்கு உண்டு. ஆயினும் இதன் நாட்டம் கண்டனத்தில் இருந்ததால், அளவையைத் தனித்துறையாக வளர்க்கும் வேலை சைவ சித்தாந்தத்திற்கே விடப்பட்டது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞானசித்தியாரை இயற்றினார். பிறர் கொள்கையை ஆராயும் பரபக்கத்தில் உலகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம் வரை பதினான்கு கொள்கைகளை அவர் மறுக்கிறார். பௌத்தப் பிரிவுகள் நான்கும் அவற்றுள் அடங்கும். ஆனால் தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தின் தொடக்கத்தில் உள்ள அளவை இயலைப் படிப்பவர் வேறொன்றையும் காண்பர். வைதிகர் எண்ணிய பத்து அளவைகளையும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அவர் அடக்குகிறார். காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக்குகிறார். ஏதுவை இயல்பு, காரியம், அனுபலத்தி என மூன்றாக்குகிறார். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமகீர்த்தியும் காட்சியை இந்நான்காகவும் ஏதுவை இம்மூன்றாகவுமே வகுத்திருந்தார். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்று அவர் கூறும் ஐந்து விகற்பங்களும், அதாவது அறிவில் சேரும் வேறுபாடுகளும், பௌத்தத் தருக்க அறிஞர் திங்நாகரின் பட்டியலை ஒத்தவை. பௌத்தரின் முடிவுகளைத் தள்ளிய சைவம் அவர்களுடைய கருவிகளைத் தள்ளவில்லை.

அதே வேளையில் அருணந்தியார் வெறுமனே கடன் வாங்கியவரும் அல்லர். பொருளின் உண்மை மாத்திரம் தோன்றுவதை விகற்பமில்லாக் காட்சி எனவும், பெயர் முதலியவற்றோடு அறிவதை விகற்ப உணர்வு எனவும் பிரித்தார். வஞ்சியும் காஞ்சியும் எதிரெதிராக நிறுத்திய இரண்டையும் சித்தாந்தம் ஒரே அறிவின் படிகளாக ஏற்றது. உலகும் உயிரும் மெய் என்று கொள்ளும் சமயம் பொருளின் குணத்தையும் சாதியையும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. காட்சியும் கருதலும் எட்டாத பொருளுக்கு உரை, அதாவது ஆகமம், தேவைப்பட்டது. இவ்வளவைகள் யாவும் தாமே அறிவன அல்ல. அறிவது ஆன்மாவின் சிற்சத்தி, அதாவது அறிவாற்றல், என்பது சித்தாந்தத்தின் துணிபு. இங்குதான் அது பௌத்தத்தை விட்டு முற்றாகப் பிரிகிறது.

பின்னர் 1313ஐ ஒட்டி உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்தில் இவ்வாதமுறையைத் தொடர்ந்தார். 1785இல் மறைந்த திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கினார். அவருடைய சிவஞான மாபாடியம் நியாயமுறையை உரைநடையில் நிலைநாட்டியது.

உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபோது அதன் பௌத்தக் கருத்துகளை விளக்க மளூர் ரங்காசாரியர் துணைநின்றார். எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் 1928இல் அக்காப்பியம் திங்நாகருக்கு முற்பட்டது என வாதிட்டார்; எஸ். குப்புசாமி சாஸ்திரி அதை ஏற்கவில்லை. காலத்தைப் பற்றிய இவ்விவாதம் பெருகிய அளவுக்கு, 29ஆம் காதையைச் சித்தியாரின் அளவை இயலோடு ஒப்பிட்டு நோக்கும் முயற்சி பெருகவில்லை. தமிழ்த் துறைகளும் மெய்யியல் துறைகளும் இவ்விரு பகுதிகளையும் ஒரே பாடமாக வைத்துக் கற்பிக்க முன்வரவேண்டும்.