அரப்பும் 50 பைசாவும்

கொல்லிமலைக்குப் போனால் மூலிகைக் கூந்தல் தைலம் ஒரு பாட்டிலாவது வாங்காமல் இறங்குபவர்கள் குறைவு. 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிவந்த களைப்பில், மலையிலிருந்து வருவதெல்லாம் மருந்து என்றே தோன்றும். ஆனால் பொடுகின் கதையில் முக்கியமான சரக்கு உச்சியில் இல்லை. அடிவாரத்து வறண்ட காடுகளில் வளரும் உசிலை மரத்தில் இருக்கிறது. அதன் இலையைக் காயவைத்து இடித்த பொடிக்குத்தான் சேலம், நாமக்கல் பக்கம் அரப்பு என்று பெயர். உசிலம்பட்டிக்குப் பேர் வந்ததே இந்த மரத்தால்தான் என்பார்கள்.

வாரம் ஒருநாள் நல்லெண்ணெய், ஊறவிட்டு அரப்பு. வடிகஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். கண்ணில் பட்டால் உயிர் போகும். நுரையும் பெரிசா வராது. ஆனாலும் அதிலுள்ள சப்போனின் எண்ணெயை வழித்து எடுத்துவிடும். வைத்த எண்ணெய் அன்றைக்கே தலையை விட்டுப் போய்விடும், முறையின் உயிரே அதில்தான்.

ஏன் என்பதற்கான விடை ஐரோப்பாவில் கிடைத்தது. 1874-ல் லூயி மலாசே என்ற பிரெஞ்சுக்காரர் பொடுகுச் செதிலில் ஒரு பூஞ்சையை விவரித்தார். இன்று அதன் பெயர் மலாசீசியா. எல்லார் தலையிலும் அது உண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ளும் மரபணு அதற்கு இல்லை என்பது 2007-ல் வெளியான மரபணுத் தொகுப்பு ஆய்வில் தெரிந்தது. அதனால் நம் தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்கிறது. தின்று மிச்சம் விடும் ஒலியிக் அமிலம் சிலருடைய தோலை அரிக்கவைக்கிறது. நல்லெண்ணெயிலும் அதே அமிலம் கணிசமாக உண்டு. செதில் உதிர்வதைப் பார்த்து 'தலை வறண்டுபோச்சு' என்று மேலும் எண்ணெய் வைக்கிறோமே, பல நேரம் அது பூஞ்சைக்குப் போடும் விருந்து.

ஷாம்பு என்ற சொல் நம் பக்கத்திலிருந்து போனதுதான். பாட்னாவில் பிறந்த தீன் முகமது 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரைட்டனில் குளியல் நிலையம் நடத்தினார். அங்கே அதற்கு அர்த்தம் 'பிடித்துவிடுதல்'. தலைக்குத் தேய்க்கும் நுரையாக அது நம் கிராமங்களுக்குள் வந்தது கடலூர் வழியாக. அவ்வூர் சின்னி கிருஷ்ணனின் பாக்கெட் யோசனையை அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பாக விற்றார்கள். பிறகு மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு பிரிந்துவந்து, அப்பா பெயரின் எழுத்துகளைக் கொண்டு 'சிக்' தொடங்கினார். பின்னாளில் 50 பைசாவுக்கும் அது கிடைத்தது. அரப்பு இடிக்கும் பெண்ணின் அரை நாள் உழைப்போடு ஒப்பிட்டால் அது விடுதலைதான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நடந்தது பாதி மாற்றம். அரப்பு போனது, எண்ணெய் தங்கிவிட்டது. குளித்து முடித்த தலையில் மறுபடி எண்ணெய் வைத்து, படிய வாரி, பள்ளிக்கூடம் போன தலைமுறை நாம். பொடுகு மட்டும் யாரையும் வழுக்கையாக்காது. அரிப்பும் சொறிதலும் அழற்சியும் சேரும்போது உதிர்வு கூடும். அடங்கினால் பெரும்பாலும் திரும்ப வளரும். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும் முடிக்கும், அப்பாவிடமிருந்து வந்த முன்நெற்றி வழுக்கைக்கும் பொடுகைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வட்டமாகக் கொட்டினாலோ சீழ் வைத்தாலோ தோல் மருத்துவரிடம்தான் போகணும்.

அதே ரங்கநாதனின் நிறுவனம் பின்னர் மீரா என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் விற்றது. அரப்புப் பொடியும் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. மலையேறுபவர்கள் இன்னும் தைலம்தான் கேட்கிறார்கள்.